மூன்றாவது கதவுக்கு மேலே ஒரு கை

இதைச் சொன்னால் என் மருமகளே சிரிக்கிறாள். “வெயில்ல சுத்தினீங்க அத்தை, தலை சுத்தியிருக்கும்.” தலை சுற்றினால் விரல் நாறுமா? பட்டப்பகலில், சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால், எனக்கு நடந்தது இது. ஒரு சொல் கூட்டவில்லை.

நானும் என் தங்கையும் மூன்று நாள் ஊர் சுற்றிப் பார்க்க அந்தக் கடற்கரை நகரத்துக்குப் போயிருந்தோம். எனக்கு அறுபத்தெட்டு, அவளுக்கு அறுபத்தொன்று. கிளம்பும்போது அவள் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். “பெரியம்மா, அம்மாவுக்குக் கடைசியா வலிப்பு வந்து ஆறு மாசம்தான் ஆகுது. தண்ணியில மட்டும் இறங்க விட்டுடாதீங்க.” விடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் காலையில் கலங்கரை விளக்கம். பிறகு மணிக்கூண்டுக் கடைத்தெரு. மத்தியானம் மீன் ஏலக் கொட்டகை. அங்கே செதிலும் ரத்தமும் கலந்த தண்ணீர் காலில் தெறித்ததும் எனக்குக் குமட்டியது. “கடல் ஊருக்கு வந்து மூக்கைப் பொத்திக்கிட்டு நடக்கறவ நீ ஒருத்திதான்” என்றாள் தங்கை.

நான்கரை மணிக்குக் கடற்குளத்துக்குப் போனோம். பாறைகளுக்கு நடுவே சுவர் கட்டி, கடல்நீரைத் தேக்கி வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு காவல்காரம்மா. குளிக்க வருகிறவர்கள் செருப்பை அவளுடைய அலமாரியில்தான் விட வேண்டும்.

“எனக்குத் தலைய எண்ண வராதும்மா, முங்கி முங்கி எழுந்திருக்கும். செருப்பு முங்காது” என்றாள். சாத்தும் நேரத்தில் அலமாரியில் ஒரு ஜோடி இருந்தாலும், தண்ணீரில் ஆள் இருக்கிறது என்று அவள் தேடப் போவாள். காலியாக இருந்தால் பூட்டிவிடுவாள்.

“காலை மட்டும் நனைச்சுக்கறேன்க்கா” என்று கெஞ்சினாள் தங்கை.

“துணியை மாத்திக்கிட்டு நேரா இங்க வா. என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் படியில கால் வைக்கணும்.”

“சரிங்க போலீஸ்காரம்மா.” செருப்பை விட்டுவிட்டு உடை மாற்றும் அறைக்குள் போனாள். மணி நான்கு முப்பத்தைந்து. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் அறைச் சுவர் குளத்தை மறைத்தது. அந்த அறைக்குக் குளத்துப் பக்கமாக இன்னொரு வாசல் இருப்பது எனக்குத் தெரியாது.

குளித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அலமாரியில் தங்கையின் செருப்பு மட்டும் இருந்தது.

நான்கு நாற்பத்து நான்கு. உள்ளேயிருந்து குரல் வந்தது.

“அக்கா. டவல் குடு.”

“நனையவே இல்லையே, டவல் எதுக்குடி?”

“குடு.”

கிண்டல் இல்லாமல் ஒரு சொல் பேசமாட்டாள் இவள். கோபமோ என்னவோ என்று பையிலிருந்து டவலை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

தரையெல்லாம் வழவழப்பு. சாக்கடை ஓட்டையில் கொத்துக் கொத்தாகத் தலைமுடி. பல நாள் மாற்றாத பூச்சாடித் தண்ணீரின் நாற்றம். மூன்று தடுப்புகளில் மூன்றாவது மட்டும் சாத்தியிருந்தது.

கதவுக்கு மேலே ஒரு கை வந்தது. ஊறி வெளுத்த கை. டவலை வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

சொட்... சொட்...

“செருப்பு.”

போய் எடுத்து வந்தேன். எடுத்தபோது காவல்காரம்மா முதுகைக் காட்டிக்கொண்டு குப்பை அள்ளிக்கொண்டிருந்தாள்.

இந்த முறை கை கதவுக்கு அடியிலிருந்து வந்தது. செருப்பைக் கொடுத்தேன். அந்த விரல்கள் என் விரலில் பட்டன.

சில்லென்று இருந்தது. கொழகொழவென்று.

கையை இழுத்துக்கொண்டேன். என் விரல் நுனியில் ஏதோ ஒட்டியிருந்தது. ஆறிய பாலின் ஆடை போல... மெல்லிசாக.

தோல்.

குழாயைத் திருகினேன். கறுப்புத் தண்ணீர் நாலு சொட்டு. அதோடு ஒரு நீள முடி.

கழுவ வேண்டும். உடனே கழுவ வேண்டும். வெளிச்சம் தெரிந்த பக்கம் ஓடினேன். அங்கேதான் அந்த இன்னொரு வாசல். எதிரே குளம்.

குளத்தில் என் தங்கை.

முகம் தண்ணீருக்குள். கைகள் வெட்டி வெட்டி இழுத்தன.

“ஐயோ... ஓடி வாங்க!”

காவல்காரம்மா வந்து குதித்தாள். வாசல் கதவைப் பாதி சாத்தியிருந்தாள்; பூட்டு அவள் கையிலேயே இருந்தது. மணி நான்கு ஐம்பத்திரண்டு.

பின்னால், அறைக்குள்ளிருந்து...

“அக்கா. சோப்பு.”

தங்கை பிழைத்தாள். என் மடியில் கடல்நீரை வாந்தியெடுத்துவிட்டு, “நீ கத்தின கத்துலதான் தண்ணி உள்ள போச்சு” என்றாள். அறைந்திருப்பேன். அழுகைதான் வந்தது.

காவல்காரம்மா மூன்றாவது கதவைத் திறந்து பார்த்தாள். யாரும் இல்லை. டவல் பாதி, சாக்கடை ஓட்டைக்குள் போயிருந்தது. என் உள்ளங்கை அளவு ஓட்டை. செருப்பு கிடைக்கவே இல்லை.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரிக்குத் தங்கையைப் பார்க்க வந்தாள். என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள்.

“போன வருஷமும் ஒரு அக்கா தங்கச்சி வந்தாங்கம்மா. தங்கச்சி உள்ள பேசிக்கிட்டிருக்கான்னு அக்கா சொன்னாங்க. அலமாரியும் காலி. நான் குளத்தைப் பாக்கவே இல்ல. ஆளைக் காணோம்னதும், செருப்பு மாட்டிக்கிட்டு எங்கயோ போயிட்டாங்கன்னு ஊரெல்லாம் தேடினோம். மூணாம் நாள்தான் மதகுப் பக்கம் மிதந்தாங்க. நடுவுல ரெண்டு நாளும் கூட்டம் அந்தத் தண்ணியிலதான் குளிச்சுது. வாடை அடிக்குதுன்னு சொன்னாங்க, அவ்வளவுதான்.”

என் வாயில் எச்சில் ஊறியது. துப்பிவிட்டு வந்து கேட்டேன். “அந்தத் தங்கச்சி உயிர் எப்ப போச்சு?”

“தண்ணியில இறங்கின கொஞ்ச நேரத்துலயே போயிடுச்சாம். அக்கா டவல் குடுக்கறதுக்கு முன்னாடியே.”

“அப்போ டவல் கேட்டது யாரு?”

எத்தனை கழுவியும் நாற்றம் போகாத என் விரலையே அவள் பார்த்தாள்.

“அந்த அக்காவும் என்கிட்ட இதேதாம்மா கேட்டாங்க.”