தொட்டியில் வளர்ந்த பச்சை முடி

இருபத்திரண்டு வருடங்களாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர் அவர். கட்டடங்களின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைகளில் வேலை செய்து செய்து காது கெட்டுப்போனது. கேட்காமல் போகவில்லை, இல்லாத சத்தத்தைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் ‘ங்ஙீ’ என்று ஓர் இரைச்சல் தொடங்கும். காது டாக்டர், “இதோட பழகிக்கோங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பழக முடியாமல் தவித்தவருக்கு, லிஃப்ட் பார்க்கப் போன ஒரு வீட்டின் வரவேற்பறையில் விடிவு கிடைத்தது. அங்கே கடல்மீன் தொட்டி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் நின்றபோது, தண்ணீர் விழும் சலசலப்பில் காது இரைச்சல் அடங்கிப்போனது. அடுத்த மாதமே அவர் வீட்டுக் கூடத்தில் டிவி இருந்த இடத்துக்கு நாலடி நீள உப்புத் தண்ணீர்த் தொட்டி வந்துவிட்டது. கடல் பாறைகள், நாலைந்து பவளங்கள், ஒரு கடல் சாமந்தி, அதன் விரல்களுக்குள் குடியிருக்கும் இரண்டு கோமாளி மீன்கள். வேலை முடிந்து வந்து அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மனுஷன் முகம் தெளிந்துவிடும். “அப்பா சீரியல் பாக்க உட்கார்ந்துட்டார்” என்பாள் மகள்.

மூன்று வருடம் ஒரு குறையும் இல்லை. நாலாவது வருடம் ஒரு பாறையின் ஓரத்தில் நகம் அளவுக்குப் பச்சைப் பாசி தெரிந்தது. இரண்டு வாரத்தில் அது முடியாக வளர்ந்தது. ஒரு மாதத்தில் பாறைகள் எல்லாம் தலை வாராத பிள்ளைகள் மாதிரி நின்றன. பவளங்கள் விரியாமல் சுருங்கிக் கிடந்தன.

அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பாறைகளை வெளியே எடுத்துப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். அது மகளுடைய பிரஷ் என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது, வீடு ரெண்டுபட்டது. பாசி தின்னும் நத்தைகளை வாங்கி விட்டார். அவை அந்த நீள முடிப் பக்கமே போகாமல் கண்ணாடியில் ஊர்வலம் போயின. விளக்கை அணைத்து மூன்று நாள் தொட்டியைப் போர்வையால் மூடிவைத்தார். பாசி வெளுத்தது, விளக்கைப் போட்ட பத்தாம் நாள் பழையபடி எழுந்து நின்றது. மீன் தீனியைப் பாதியாக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் மாற்றினார். தொட்டியில் கால்வாசியை இறைத்துவிட்டு, குழாய்த் தண்ணீரை ஃபில்டரில் பிடித்து, கடல் உப்பைக் கரைத்து ஊற்றுவார். பாசி கூடக் கூட, வாரம் ஒரு முறை என்பது இரண்டு முறையானது.

பாசிக்குத் தீனி பாஸ்பேட் என்கிற உப்பு. தண்ணீரில் அது இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை மருந்து உண்டு. இருந்தால் தண்ணீர் நீலமாகும். அவர் பார்த்தபோதெல்லாம் தொட்டித் தண்ணீர் நிறமே மாறவில்லை.

“லிஃப்டா இருந்தா சத்தத்தை வச்சே கோளாறு எங்கன்னு சொல்லிடுவேன். இது வாயையே திறக்க மாட்டேங்குதே!” என்று புலம்பினார்.

ஐந்தாவது மாதம் கைவிட்டார். மீன் கடைக்காரருக்கு போன் செய்து, “தம்பி, சனிக்கிழமை வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க. வேற யார்கிட்டயாவது நல்லபடியா இருக்கட்டும்” என்றார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அவருடைய மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இத்தனை நாளும் தொட்டி விவகாரத்தில் தலையிடாமல் இருந்தவள், வெள்ளிக்கிழமை மாலை வேலையிலிருந்து வந்ததும் சோதனை மருந்துப் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

“என்னங்க, இதுல எந்தத் தண்ணியைப் பாத்தீங்க?”

“தொட்டித் தண்ணியைத்தான். வேற எதைப் பாக்கிறது?”

“ஊத்துற தண்ணியைப் பாத்தீங்களா?”

“அது ஃபில்டர் தண்ணிம்மா. சுத்தமாத்தான் இருக்கும்.”

“இருக்கும்னு நீங்களே சொன்னா எப்படி? எங்க லேப்ல மிஷின் சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் ரத்தத்தையே தொடுவோம்.”

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் மாட்டியிருந்த ஃபில்டரிலிருந்து ஒரு குப்பி பிடித்து வந்தாள். சொட்டு விட்டாள். ஐந்து நிமிடத்தில் தண்ணீர் பேனா மை மாதிரி நீலமானது.

அவர் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “அப்போ தொட்டியில ஏன் காட்டல?”

“நீங்க ஊத்த ஊத்த அந்தப் பாசி தின்னுட்டே இருக்கு. மிச்சம் வச்சாத்தானே காட்டும்!”

அவர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து மாதமாக மருந்து என்று நினைத்து ஊற்றியதெல்லாம் பாசிக்கு விருந்து.

“ஃபில்டர் குடுவையைக் கடைசியா எப்ப மாத்தினீங்க?”

அவர் விரல்விட்டு எண்ணினார். “நம்ம பொண்ணு காலேஜ்ல சேர்ந்தப்போ.”

“அவ இப்போ கடைசி வருஷம்! ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் மாசாமாசம் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுறீங்களே!”

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலில் முறைத்தவர், பிறகு தானும் சேர்ந்துகொண்டார். அன்று இரண்டு தட்டு சாப்பிட்டார்.

மறுநாள் கடைக்காரர் பெட்டிகளும் வாளிகளுமாக வந்து இறங்கினார்.

“வாங்க தம்பி. காபி குடிச்சிட்டு வெறும் பெட்டியோட திரும்பிப் போங்க” என்றார் இவர்.

விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தார். கடைசிக் குடுவையில் பாஸ்பேட்டை உறிஞ்சுகிற மணிகள், நீலமாக இருக்க வேண்டியவை, சக்தி தீர்ந்து டீத்தூள் நிறத்தில் இருந்தன.

“அண்ணே, இதைக் கேக்கணும்னு எனக்கும் தோணல பாருங்க” என்று தலையைச் சொறிந்தார். மதியமே புதுக் குடுவைகளோடு வந்து மாட்டிக்கொடுத்தார். “ஒரே நாள்ல போயிடாது. கையாலயே பிடுங்கி எடுத்துட்டே இருங்க. சாப்பாடு இல்லாம எத்தனை நாள் முளைக்கும்?”

முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் பிடுங்கிய இடத்தில் வளர்ந்தது பாதிதான். அப்புறம் அதிலும் பாதி. முடி குட்டையானதும் நத்தைகள் பாறைக்கு இறங்கி வேலையைத் தொடங்கின. ஏழாவது வாரம் பாறைகளில் பச்சை போய், நல்ல தொட்டிக்கு அடையாளமான இளஞ்சிவப்புப் படிவம் எட்டிப் பார்த்தது. ஒருநாள் அவர் வேலையில் இருந்தபோது மனைவி போன் செய்தாள்.

“அந்தப் பெரிய பவளம் விரிஞ்சிடுச்சுங்க.”

“முழுசாவா?”

“முழுசா. இங்கதான் நின்னு பாத்துட்டிருக்கேன்.”

மோட்டார் அறையின் வாசலில் நின்று அவர் ஒரு பெரிய மூச்சு விட்டார். கீழே யாரோ லிஃப்ட் எப்போது ஓடும் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். “இதோ, பத்தே நிமிஷம்!” என்று சந்தோஷமாகக் குரல் கொடுத்தார்.

பாசியோடு மல்லுக்கட்டியே ஞாயிற்றுக்கிழமைகள் போய்க்கொண்டிருந்தவருக்கு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைத் துடைத்து முடிக்கக் கால் மணி நேரம்தான் ஆனது. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் இரண்டு சுற்று சுற்றினார். “கிளம்புங்க, எனக்குச் செருப்பு வாங்கணும்” என்றாள் மனைவி. நாலு கடை ஏறி இறங்கினார்கள். ஒரு கடையிலும் அவர் அவசரப்படுத்தவில்லை.