ரோகிணியின் ஐஸும் ஒரு நக்கோவும்

என் தம்பி சிவஞானத்தின் மகள் ரோகிணி, ஐஸ் எப்படி உருகுகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாள். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஐஸைச் சூடாக்கிப் பார்க்கிற படிப்பு. எங்கள் பாட்டனார் வேலூரிலிருந்து சிகந்திராபாத் பட்டாளத்துக்கு வந்த நாளாக, குடும்பத்தில் ஒருத்தரும் இவ்வளவு படித்ததில்லை. அதற்குச் சொந்தக்காரர்கள் கொடுத்த மரியாதை? "எல்லாரும் ஐஸ் வைப்பாங்க, இவ ஐஸை வச்சே பொழைக்கிறா" என்ற கேலிதான்.

போன மாதம் மல்லாபூரில் தம்பி வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்கள், ஹைதராபாத்துக்குப் புதுசு. மாப்பிள்ளையின் அம்மா வித்யாலட்சுமி கேசரியைத் தின்றுகொண்டே கேட்டாள்: "வெயில்ல வச்சா உருகுது. இதுல என்ன கண்ணு ஆராய்ச்சி?"

ரோகிணி முகம் கோணாமல் சொன்னாள்: "வழக்கமா மேல்புறத்துலதான் உருக ஆரம்பிக்கும் ஆன்ட்டி. மேல்புறத்தை விட்டுட்டு நடுவுல மட்டும் சட்டுனு சூடேத்தினா, உருக வேண்டிய சூட்டைத் தாண்டியும் கொஞ்ச நேரம் ஐஸாவே நிக்கும். உள்ள தண்ணித் துகள் இடம்விட்டு நகரும், திரும்ப வந்து உக்காந்துக்கும். நகர்ந்த ரெண்டு ஒண்ணைவிட்டு ஒண்ணு தூரமாப் போயிட்டா, திரும்ப வழி தெரியாது. அங்கேருந்துதான் மொத்தமும் உருகும்."

"அப்ப கல்யாணத்துக்கப்புறம் எங்க வீட்டு ஃப்ரிட்ஜையே பாத்துக்கலாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். சிவஞானமும் சிரித்தான். "படிப்பை அவ விட்டுடுவா, நான் சொல்றேன்" என்றான்.

"நக்கோப்பா" என்றாள் ரோகிணி.

அந்த அம்மாளுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு தெரியாது. "என்ன சொல்றா?"

"சரிங்கறா" என்றான் தம்பி.

பெற்ற மகளின் சொல்லையே புரட்டிப் போடுவானா ஒருத்தன்? "நக்கோன்னா வேண்டாம்! வேண்டாம்னு சொல்றா!" என்று கத்திவிட்டேன். வித்யாலட்சுமியின் கை கேசரித் தட்டிலேயே நின்றது.

அன்றைக்கே ரோகிணி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அப்பனோடு பேச்சில்லை. உறவுக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? பெண்ணுக்குப் பொறுமை போதாதாம்! இத்தனை வருஷம் இத்தனை பேர் வைத்த சூட்டைத் தாங்கி நின்றவளுக்கா பொறுமை இல்லை?

தம்பியோ, "அவளே வரட்டும்க்கா" என்று உட்கார்ந்திருக்கிறான்.

"கைக்குடா, எதுக்குடா அவ வரணும்? புரட்டிச் சொன்னது நீ. தூரமாப் போயிட்டா திரும்ப வழி தெரியாதுன்னு உன் பொண்ணு சொன்னது காதுல விழலையா? போய், தப்பாச் சொல்லிட்டேம்மான்னு சொல்லு."

செருப்பை மாட்டியிருக்கிறான். இன்னும் வாசலைத் தாண்டவில்லை.