கறுப்புக் கண்ணாடிக்குப் பதில் முட்டை

கண் மருத்துவமனையில் பார்வை அளக்கும் வேலையில் நான் சேர்ந்த புதிது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வெள்ளைக் கோட்டைக் கழற்றவே மனம் வராத காலம். அப்போதுதான் அந்த வெல்டர் மனைவியுடன் வந்தார். பட்டறையில் அவருக்குக் ‘கழுகு’ என்று பெயர். மயிரிழை இடைவெளியைக்கூடத் தள்ளி நின்றே பிடித்துவிடுவாராம். எழுத்துப் பலகையைக் காட்டினேன். தலையைச் சாய்த்து, கோழி பார்ப்பதுபோல ஓரக்கண்ணால் படித்தார்.

“நேரா பாருங்கண்ணே.”

“நேரா பாத்தா யாரோ கட்டவிரல வச்சு எழுத்த மறைக்கிறாங்க தம்பி.”

இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுவே தழும்பு. வெல்டிங் வெளிச்சம் சுட்ட தழும்பு. முகத்துக்கு ஷீல்டு போடுவதில்லையா என்று கேட்டேன்.

“அதுல இருக்கிற கறுப்புக் கண்ணாடி பொறி தெறிச்சு அம்மத் தழும்பா கெடக்கு. ஒட்டு வைக்கிற எடமே தெரியாது. ஷீல்டத் தூக்கிட்டுத்தான் வைப்போம். ஆனா எங்க முதலாளி தங்கமான மனுசன். கண்ணுக்கு நல்லதுன்னு தெனம் மத்தியானம் ஆளுக்கொரு முட்டை, ஒரு கேரட்டு. எந்தப் பட்டறையில தர்றான், சொல்லு.”

“போதாததுக்கு நான் வேற கீரையா ஆக்கிக் கொட்டுறேன்” என்றார் மனைவி.

யாராவது ஷீல்டுக்குப் புதுக் கண்ணாடி கேட்டால், “ஏன், முட்டை தின்னலையா?” என்று சிரிப்பது அந்தப் பட்டறையின் வழக்கமாம். அதிகம் சிரித்தவர் இவர்தான்.

கீரையிலும் மஞ்சள் கருவிலும் உள்ள நிறமி விழித்திரை நடுவில் போய்ப் படிவது உண்மை. நீல வெளிச்சத்தில் கொஞ்சத்தை அது தடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் அது ஜன்னலில் தொங்கும் மெல்லிய திரைதான். தீப்பிடித்த வீட்டுக்குத் திரை எம்மாத்திரம்? கேரட்டின் நிறமியோ அந்த இடத்தில் படிவதே இல்லை. இதைச் சொன்னேன்.

“அப்ப தின்னதெல்லாம் வீணா?”

“உடம்புக்கு நல்லதுதாண்ணே. கறுப்புக் கண்ணாடி வேலைய அது செய்யாது.”

“மறுபடி பட்டறையில ஒட்டு வைக்கலாமா? அத மட்டும் சொல்லு.”

“வைக்க முடியாதுண்ணே. இந்தத் தழும்பு போகாது.”

மனைவி அழவில்லை. “ஒரு கண்ணாடி மாத்த வக்கில்லாதவன் முட்டையக் காட்டி வாய அடச்சிருக்கான். நீங்களும் தங்கம் தங்கம்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க.”

“உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பேசாதடி.”

“உண்டது நீங்க. கண்ணத் தின்னது அவன்.”

பட்டறைமேல் புகார் கொடுத்தால் இழப்பீடு கிடைக்கும் என்று மருத்துவர் எடுத்துச் சொன்னார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து தன் சோற்றில் மண்ணைப் போடுவதுபோலப் பார்த்தார் கழுகு. ஷீல்டைத் தூக்கியது தன் தப்புதான் என்று சொல்லிவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

முதலாளி அவரைக் கைவிடவில்லை. இப்போது அவர் அதே பட்டறையில் பாதிச் சம்பளத்துக்கு கேட் திறந்து மூடுகிறார். வருபவர் முகம் தெரியாது. குரல் கேட்ட பிறகுதான் வணக்கம் சொல்கிறார்.