கிளாடிஸ் அக்கா யாரையும் சேர்த்து வைக்கவில்லை

கிளாடிஸ் அக்கா செத்துப்போனார். இன்று மதியம் நாகர்கோவிலில் அடக்கம் முடிந்து இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன்.

கிட்னி. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது... பலருக்குத் தெரியாது. சொல்ல மாட்டார்.

சர்ச்சில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைத்த சகோதரி" என்று பேசினார். அக்கா வேலை பார்த்த டிரஸ்ட்டின் செக்ரட்டரி. அக்காவை அந்த வேலையிலிருந்து வெளியே அனுப்பியவரும் அவர்தான்.

அங்கே எழுந்து மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் அன்ஃபிரண்ட் செய்துகொள்ளலாம்.

தெரியாதவர்களுக்கு... வீட்டில் அடி வாங்கும் பெண்களுக்காக அந்த டிரஸ்ட் ஒரு ஆலோசனை மையம் நடத்தியது. மாடியில் தங்குவதற்கு அறைகள். அக்கா அங்கே கவுன்சிலர். நான் அங்கே போய்ச் சேர்ந்தவள்.

மணவாளக்குறிச்சியிலிருந்து மகளையும் ஒரு பிக் ஷாப்பர் பையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்கு முன்பே போலீஸ் ஸ்டேஷனில் "அட்ஜஸ்ட் பண்ணிப் போம்மா" என்று அனுப்பியிருந்தார்கள். அம்மா வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள், கொஞ்சம் அழுதுகொண்டு.

அக்கா என் கணவர் ஏன் அடித்தார் என்று கேட்கவில்லை. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். மகள் ஜெனிக்கு அப்பமும் கடலைக்கறியும் வாங்கிக் கொடுத்துவிட்டு, "உனக்கு என்ன வேணும் மக்ளே?" என்றார்.

டீ என்றேன். அக்கா சிரித்துவிட்டார்.

டீ வந்தது. குடித்து முடித்ததும் மறுபடியும் அதையே கேட்டார். அப்போதுதான் கேள்வி புரிந்தது... அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

என் கணவர் கல்ஃபிலிருந்து திரும்பி வந்தவர். ஊரில் மரியாதை உண்டு, சபைக் கமிட்டியில் ஆள் உண்டு. அடுத்த வாரமே அவருடைய சித்தப்பாவும் போதகரும் காரில் வந்து இறங்கினார்கள். ஜெபம் செய்து கூட்டிப்போக வந்திருப்பதாகச் சொன்னார்கள்.

அக்கா நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "ஜெபம் பண்ணுங்க பாஸ்டர், நானும் உங்ககூட முட்டுக்கால் போடுகேன். ஆனா இவள அனுப்ப மாட்டேன், கேட்டியளா?"

ஜெபம் நடந்தது. காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒரு நாள் அக்கா செக்கப்புக்குத் திருவனந்தபுரம் போயிருந்தார். அன்று பார்த்து செக்ரட்டரி என்னைக் கீழே அழைத்தார். என் கணவர் உட்கார்ந்திருந்தார். இனி கை ஓங்க மாட்டேன் என்று பைபிளில் கை வைத்துச் சொன்னார்.

அக்கா வரட்டும் என்றேன். "கிளாடிஸ் இங்க சம்பளத்துக்கு நிக்கவ. முடிவு எடுக்கது கமிட்டி" என்றார் செக்ரட்டரி. மாடியில் இனி எனக்கு இடமில்லை என்றும் சொன்னார்.

எங்கள் இருவரையும் நிற்க வைத்து, நடுவில் அவர் நின்று ஒரு போட்டோ. டிரஸ்ட்டின் ஆண்டு மலரில் அது வந்தது. மீண்டும் மலர்ந்த இல்லறம்... அப்படித்தான் கீழே போட்டிருந்தார்கள்.

அன்றே என்னைக் கணவரோடு அனுப்பிவிட்டார்கள். மலர் அச்சாகி வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டை விட்டு ஓடி ஊர் முன்னால் மானத்தை வாங்கினேனாம்... இடது காதோடு சேர்த்து அறைந்திருந்தார் என் கணவர்.

அக்கா வந்து கட்டிலின் இடப்பக்கம் உட்கார்ந்து பேசியிருக்கிறார். நான் சுவரைப் பார்த்தபடியே கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். முதலிலிருந்து மறுபடியும் பேசினார்.

அதற்குப் பிறகு ஒருநாள்கூட அவர் என் இடப்பக்கம் நின்று பேசியதில்லை.

நான் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக என் கணவர் சொல்ல, ஆஸ்பத்திரியில் அப்படியே எழுதியிருந்தார்கள். அக்கா டாக்டர் முன்னால் போய் நின்றார். பேஷன்ட் வாயால் கேட்டு எழுதுங்கள் என்றார். நான் சொன்னேன். எழுதினார்கள்.

கேஸ் நடந்தது. சாட்சி சொல்ல அக்கா வந்தார். தான் இல்லாத நேரம் பார்த்து, என் சம்மதமில்லாமல், மையம்தான் என்னைத் திருப்பி அனுப்பியது என்று கோர்ட்டில் அத்தனை பேர் முன்னால் சொன்னார்.

அந்த மாதமே அக்காவுக்கு வேலை போனது. நிறுவனத்தின் நற்பெயரைக் கெடுத்தாராம்.

அவர் வீட்டுக்கு ஓடினேன். என்னால்தானே அக்கா என்று அழுதேன். "சம்பளம்தான் போச்சு மக்ளே. வேல அங்கயே கெடக்கு" என்றார். அப்போதும் உள் அறையில் ஒரு பெண் கைக்குழந்தையோடு படுத்திருந்தாள். இனயம் என்ற கடலோர ஊர்க்காரி.

பிறகு ஒரு டைல்ஸ் கடையில் பில் போட்டார். சாயங்காலம் வீட்டில் எங்களைப் போன்றவர்கள். மையத்தை டிரஸ்ட் மூடிவிட்டது. கட்டடம் வாடகைக்குப் போய்விட்டது.

கோர்ட்டில் எனக்கு விவாகரத்து கிடைத்தது, ஜெனி கிடைத்தாள். காது கிடைக்கவில்லை. என் கணவராக இருந்தவர் இப்போது சபைக் கமிட்டியில் இருக்கிறார்.

இன்று கல்லறைத் தோட்டத்தில் மதிலோரமாகச் சில பெண்கள் தனித்தனியாக நின்றார்கள். ஒருவருக்கொருவர் பழக்கமில்லை. ஆனாலும் பார்த்ததும் புரிந்தது.

அக்காவின் தங்கை ஒவ்வொருவரிடமும் வந்து, எங்கிருந்து வருகிறீர்கள், அக்காவை எப்படித் தெரியும் என்று கேட்டார். கடைக்கு வருவேன் என்றாள் ஒருத்தி. கூடப் படித்தேன் என்றாள் இன்னொருத்தி... அவளுக்கு அக்காவின் பாதி வயதுதான் இருக்கும். பக்கத்தில் அவள் வீட்டு ஆள் நின்றான்.

என்னிடம் வந்தபோது, "நான் அடி வாங்கிட்டு ஓடி வந்தப்ப அக்காதான் என்னயும் பிள்ளையயும் வச்சிப் பாத்தாங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்தத் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ எங்ககிட்ட ஒண்ணுமே சொன்னதில்ல மக்ளே."

அக்கா... இனி உங்கள் கதவை யாரும் தட்ட மாட்டார்கள். தட்டுவதற்கு வேறு கதவு இல்லை, அது எங்கள் பாடு.

நீங்கள் உறங்குங்கள்.