பெருங்கல்லின் கீழே அம்மா

பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் யாராவது பிணம் புதைக்கும் சவக்காலைக்குப் போவார்களா? என் அப்பா போவார். ஜெர்மனியில், நாங்கள் இருந்த எசன் நகரில், எங்கள் சனம் அவரை விசரன் என்று சொல்லாமல் விட்டது அம்மாவின் முகத்துக்காகத்தான்.

எனக்கு அப்போது எட்டு வயது. சாமத்தியவீடு நடந்த பிறேமனில் சாப்பிட்ட வடையும் பாயசமும் இன்னும் வயிற்றில் கிடந்தன. ஆட்டோபான் நெடுஞ்சாலை ஓரத்தில், பார்க்க வேண்டிய பழைய இடங்களைக் காட்டும் மண்ணிறப் பலகை ஒன்றைக் கண்டதும் அப்பா காரைத் திருப்பிவிட்டார். சின்னத் தெருக்கள், சோளத் தோட்டங்கள், பிறகு ஒரு பைன் காடு. காட்டுக்குள் ஆனைப் பருமனில் கற்கள் நின்றன. அவற்றின் மேல் ஒரு பெருங்கல் மூடிக் கிடந்தது. அடியில் ஒரே இருட்டு. வீட்டில் ஜெர்மன் நன்றாக வாசிப்பவள் நான்தான் என்பதால் அங்கிருந்த பலகையை வாசித்துச் சொன்னேன். கற்காலத்து மனிதர்களைப் புதைத்த இடமாம்.

“நல்ல காரியத்துக்குப் போட்டு வாற வழியில சவக்காலையோ? உங்களுக்கென்ன விசரே?” என்றார் அம்மா.

“ஐயாயிரம் வருசத்துச் சவமப்பா. துடக்கு தீட்டெல்லாம் எப்பவோ கழிஞ்சிருக்கும்,” என்று அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. கல்லில் கை பட்டால் வாசலிலேயே நிறுத்தித் தலையில் தண்ணீர் ஊற்றுவேன் என்று என்னை வெருட்டிவிட்டு, பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். தொடுகிற எண்ணம் எனக்கு எங்கே வந்தது! உள்ளே யாரோ குந்தியிருந்து என்னைப் பார்ப்பதாகவே பட்டது. காருக்குப் போவோம் என்று அழத் தொடங்கினேன். அப்பாவோ படம் எடுப்பதில் மும்முரமாக இருந்தார்.

திடீரென்று காதைப் பிளக்கும் இரைச்சல். மரங்களுக்குச் சற்று மேலால் பட்டாளத்து விமானம் ஒன்று போனதாம். நான் அதைக் காணவேயில்லை. அதற்குள் அம்மா என்னை இழுத்துக்கொண்டு அந்தக் கல்லுக்கு அடியில் பாய்ந்துவிட்டார். தொடாதே என்று சொன்ன அதே அம்மா! ஈர மண்ணில் என்னைக் குப்புற அழுத்தி, மேலே படுத்து, சேலைத் தலைப்பை என் வாய்க்குள் திணித்தார்.

“குண்டு விழப்போகுது! கடி! பல்லால இறுக்கிக் கடி!”

கடித்தேன். மூச்சு முட்டியது. அம்மாவின் நெஞ்சு என் முதுகில் அடித்த அடி இன்றைக்கும் நினைவிருக்கிறது. பிறகு அம்மா வெளிச்சத்தைப் பார்த்துக் கத்தத் தொடங்கினார்.

“தம்பி வெளியில நிக்கிறான்! தம்பி, பங்கருக்குள்ள ஓடி வாடா! ஐயோ, வாடா!”

எனக்குத் தம்பி கிடையாது. நான் ஒரே பிள்ளை. வெளியே அப்பாவைத் தவிர ஒருவரும் இல்லை. அந்தக் குழியில் கிடந்த யாரோதான் அம்மாவுக்குள் புகுந்து பேசுகிறார்கள் என்று நினைத்தேன். இனி என் அம்மா எனக்கு இல்லை என்ற பயத்தில் உடுப்போடேயே மூத்திரம் போய்விட்டேன்.

அப்பா தவழ்ந்து உள்ளே வந்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. “இஞ்சேரும், அது போயிட்டுது. இது ஊரில்லை, ஜெர்மனி. போயிட்டுது,” என்று அம்மாவின் தோளைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா எங்கள் இரண்டு பேரையும் முழுக வைத்து, தானும் முழுகி, விளக்கேற்றிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையோடு மாமாவின் மாலை போட்ட படம் இருந்தது. என் அம்மாவைப் பிடித்த பேயைத் துரத்திவிடுங்கோ மாமா என்று அதன் முன்னால் நின்று கும்பிட்டேன். பிறந்ததிலிருந்து பார்த்த படம்தான். அந்த மாமா அம்மாவுக்குத் தம்பி என்பது மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை.