தானாவின் ஒரு மணி

‘தானா’ என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் ஓரகத்தியின் வாயிலிருந்துதான். “அக்கா, ஆபீஸ்ல எம்பிள்ளைய தானான்னுதான் கூப்பிடுறாங்களாம்!” பட்டம் வாங்கியதுபோல் பூரித்துப்போனாள். காரணம் எனக்குத் தெரியும். அடுப்பில் பால் பொங்குகிறது, பாருடா என்றால், “தானா அடங்கும் பெரியம்மா” என்பான். அடங்கும், அடுப்பை அணைத்துவிட்டு. இவன் தாத்தா, என் மாமனார், செருப்பு மாட்டக்கூடக் குனியமாட்டார். வித்து எங்கே போகும்?

குடிநீர் அலுவலகத்தில் வேலை. காலையில் கம்ப்யூட்டரில் வரும் புகார்களைத் தெருவாரியாகப் பிரித்து, ‘தங்கள் குறையைக் கவனமாகப் படித்தேன்’ என்று ஒவ்வொருவருக்கும் பதில் போடவேண்டும். ஒரு மணி நேர வேலை. அதைத் தட்டிக்கழிக்க மூன்று வாரம் அன்ன ஆகாரமின்றி உட்கார்ந்து பத்து வரி எழுதினான். ஸ்கிரிப்ட் என்று பெயராம். “பெரியம்மா, ஒரு தரம் சொல்லிவெச்சா போதும். நேரம் வந்தா அதுவே எல்லாத்தையும் செஞ்சிடும்.” குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். “அது வேற டிப்பார்ட்மெண்ட்.”

அந்தச் சமயம் பெண் நிச்சயமானது. அவளுக்குத் தினமும் பகல் ஒரு மணிக்கு, ‘சாப்பிட்டியா? நான் இன்னும் சாப்பிடல. உன் ஞாபகமாவே இருக்கு’ என்று செய்தி போகும். எட்டு மாதம், ஒரு நிமிடம் முன்பின் இல்லை. “இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!” என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள் ஓரகத்தி.

கல்யாணத்தன்று பந்தியில் நான் மணமக்களுக்கு எதிரே இருந்தேன். சரியாக ஒரு மணிக்கு மணப்பெண்ணின் போன் சிணுங்கியது. எடுத்துப் படித்தாள்.

“என்னங்க, இன்னும் சாப்பிடலையா?”

“பாத்தா தெரியலையா?” என்றான், வாய் நிறையச் சோற்றோடு.

“சாப்பிடலன்னு இப்பத்தானே அனுப்பியிருக்கீங்க.”

ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன செய்யவேண்டும் என்றுகூட அந்தக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்த புத்திசாலி, தன் கல்யாணத்தைச் சொல்ல மறந்துவிட்டான்.

“எட்டு மாசமா என்னை விசாரிச்சது யாரு?”

“எழுதினது நான்தான்... அனுப்புறது மட்டும் தானா...”

அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அந்தக் கம்ப்யூட்டரே அவருக்குப் பக்கத்துல உக்காரட்டும் பெரியம்மா.” நாங்கள் என்ன கெஞ்சியும் அசையவில்லை. மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலி காலி. பந்தி முழுவதும் அதையே பார்த்தது. கடைசியில் ஒரே நிபந்தனை போட்டாள். “ஒரு மணிக்கு அவரே நேர்ல வந்து கேக்கட்டும். ஒரு நாள் தவறினாலும் நான் எங்கம்மா வீட்ல இருப்பேன்.”

அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு எட்டுத் தெரு. தினமும் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து, வாசலில் நின்று, “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டுத் திரும்புகிறான். அவனை வாசலில் கண்டாலும், அவன் வாய் திறந்து கேட்கும்வரை அவளும் ஒரு நாளும் பதில் சொல்வதில்லை.

இப்போது மணி ஒன்றாக ஐந்து நிமிடம். அவர்கள் வீட்டு வாசலில் நின்று பார்க்கிறேன், நல்ல மழை. தானா ஏழாவது தெருமுனை திரும்பிவிட்டான்; குடையைக் காற்று பிடுங்குகிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டே மறு கையில் மணி பார்க்கிறான்.