அழுத்தாமலே தெரியும் எண்கள்

அவளுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். அடுத்தவர் குடித்த டம்ளர், ஈரம் காயாத துண்டு, பேருந்துக் கம்பியில் ஒட்டியிருக்கும் வியர்வை, எல்லாமே. அப்படிப்பட்டவள் போய்ச் சேர்ந்த வேலை, பல் மருத்துவமனையில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று நோயாளிகளின் எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது. முகமூடிக்குள் மூக்கைச் சுளித்துக்கொண்டே பல வருடங்களை ஓட்டிவிட்டாள். தெரிந்தவர்களுக்கு அவள் பல்லக்கா.

வீட்டுக்கு வந்தாலாவது சுத்தமாக உட்காரலாம் அல்லவா? அதுவும் இல்லை. பழைய சிவப்பு எண் கைக்கடிகாரங்களைச் சேர்க்கிற பைத்தியம் பிடித்திருந்தது. யாரோ எப்போதோ கட்டிக் கழற்றிப்போட்டவை. சங்கிலி மடிப்புகளில் வியர்வையும் சோப்பும் செத்த தோலும் சேர்ந்து கறுப்பு மாவாக இறுகியிருக்கும். பின்மூடியைத் திறந்தால் பேட்டரி கக்கிய பச்சைப் பொருக்கு. ஒவ்வொன்றையும் பல்குச்சியால் நோண்டி எடுப்பாள், ஓங்கரித்தபடியே.

"காசு குடுத்து ஊரான் அழுக்கை வாங்குற ஒரே ஆளு நீதான்" என்பார் கணவர்.

"பாக்கப் புடிக்கலைன்னா அந்தப் பக்கம் போங்க."

அவள் விரும்பியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் கடிகாரத்தின் முகம் கரித்துண்டு மாதிரி இருண்டிருக்கும். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் மட்டும் எண்கள் சிவப்பாக எழும்பி, ஒரு மூச்சு நேரம் நின்று அணைந்துவிடும். கேட்டால் பதில் சொல்லும். கேட்காவிட்டால் வாயைத் திறக்காது. நாளெல்லாம் திறந்த வாய்களையே பார்க்கிறவளுக்கு அது போதும்.

அதைப்போலவே தோன்றும் போலிகளும் சந்தையில் உண்டு. சாதாரணத் திரையின் மேல் சிவப்புத் தாளை ஒட்டி, மேலே தங்கமுலாம் பூசியிருப்பார்கள். அழுத்தாமலே எண்கள் எந்நேரமும் தெரிந்துகொண்டிருக்கும். சேகரிப்பவர்கள் அதைச் சீண்ட மாட்டார்கள்.

அந்தச் சேகரிப்பாளர்கள் மாதம் ஒரு ஞாயிறு ஒரு கண்ணாடிக்கடையின் பின்னறையில் கூடுவார்கள், அவளும் போவாள். கடைக்காரரைத் தலைவர் என்பார்கள். கூட்டத்தில் அவள் மதித்த ஒரே ஆள், மின்கம்பம் ஏறி ஓய்வுபெற்ற லைன்மேன் அண்ணன். அவர் இடது மணிக்கட்டில் இருந்தது அந்த வகையில் முதன்முதலில் வந்தவற்றில் ஒன்று, கனமானது. மற்றவர்கள் தங்கள் கடிகாரங்களை மேசையில் பரப்புவார்கள். அவர் தன்னுடையதைக் கழற்றவே மாட்டார். எத்தனையோ கண்கள் அதன்மேல் ஈ மாதிரி மொய்த்தன.

ஒரு நாள் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. பல்லக்கா பார்க்கப் போனாள். அறை முழுக்க மருந்தும் மூத்திரமும் கலந்த வாடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரம் உட்கார்ந்து அவர் இடது கையைத் தொட்டாள். கடிகாரத்தில் மணி தெரிந்துகொண்டிருந்தது. யாரும் எதையும் அழுத்தவில்லை.

தூக்கிப் பார்த்தாள், தக்கை மாதிரி இருந்தது. விளிம்பில் முலாம் உரிந்திருந்தது. பழைய கடிகாரம் மணிக்கட்டில் விட்டிருந்த வெளிறிய தடத்தில் பாதியைக்கூட இது மறைக்கவில்லை.

"இதை யாரும்மா கழட்டினது?" என்று அவர் மகளிடம் கேட்டாள்.

"கண்ணாடிக்கடை அங்கிள் வந்திருந்தாரு. பேட்டரி மாத்தித் தரேன்னு எடுத்துட்டுப் போய், சாயங்காலமே கொண்டுவந்து கட்டிவிட்டாரு. தங்கமான மனுஷன்."

அவளுக்கு வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது.

அடுத்த கூட்டத்துக்குப் போனாள். மேசை நடுவில் லைன்மேனின் கடிகாரம் பின்மூடி திறந்து மல்லாந்து கிடந்தது. சுற்றிலும் குனிந்த தலைகள். யாரோ பிஸ்கட் தின்ற விரலாலேயே அதைத் திருப்பினார்.

"இது லைன்மேன் அண்ணனோடது" என்றாள்.

ஒருவரும் நிமிரவில்லை. தலைவர் மட்டும் பூதக்கண்ணாடியை இறக்கினார். "அவருக்கு இனிமே எதுக்குக்கா? ஒரு கை விழுந்துபோச்சு. பட்டனை யாரு அழுத்துறது? அங்க கெடந்து வீணாப் போறதுக்கு, மதிப்பு தெரிஞ்சவன்கிட்ட இருக்கட்டுமே."

"கேட்டு வாங்கினீங்களா?"

"அவரால பேச முடியுதா என்ன?"

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். ஒருவர் நகத்தை ஆராய்ந்தார். இன்னொருவர் தணிந்த குரலில் சொன்னார்: "தப்புதான்க்கா, இல்லேன்னு சொல்லல. ஆனா மூடியத் தொறந்தாச்சு. ஒரு தடவ உள்ள பாத்துக்கிறேன், அப்புறம் பேசலாம்."

அவர் கடைவாயில் பிஸ்கட் குழம்பு நுரைத்திருந்தது. வாழ்நாளில் அவள் பார்த்த சொத்தைப் பற்கள் எதுவும் அந்த வாயளவு அவளைக் குமட்டவில்லை. மூடியைப் பொருத்தினாள். பிடுங்கிய பல்லை எடுப்பதுபோல் காகிதத்தால் கடிகாரத்தைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"கொண்டுபோங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றார் தலைவர்.

மருத்துவமனையில் அதை ஸ்பிரிட்டால் மூன்று முறை துடைத்த பிறகுதான் லைன்மேன் வீட்டுக்கு எடுத்துச் சென்றாள். அவர் பார்த்தார். பிறகு தலையை இடவலமாக ஆட்டினார்.

"தெரியும்" என்றார், ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து. "கட்டும்போதே... தெரியும்."

"பின்ன ஏன்ணா சும்மா இருந்தீங்க?"

"அதுல மணி பாக்க... மகளக் கூப்புடணும். இதுல... அழுத்த வேணாம்."

"அப்ப அவன் செஞ்சது சரியா?"

"திருட்டு நாய்" என்றார் தெளிவாக. அந்த வார்த்தையில் மட்டும் நாக்கு குழறவில்லை. "ஆனா இந்தக் கடிகாரம்... நல்ல கடிகாரம்."

அசலை மகளிடம் கொடுத்து, எவன் வந்து கேட்டாலும் தராதே என்று சொல்லிவிட்டு வந்தாள். நிம்மதி வரவில்லை. ஒரு அயோக்கியத்தனத்திலிருந்து அவருக்கு நன்மை கிடைத்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வீட்டில் தன் பெட்டியைத் திறந்தாலே அந்த பிஸ்கட் வாய்தான் முன்னால் வந்து நின்றது. தன்னிடம் இருந்தவற்றில் எத்தனை, யார் யாருடைய கையிலிருந்து எப்படிக் கழற்றப்பட்டவையோ?

அசல் வாங்குவதை அன்றோடு விட்டாள். அதற்குப் பிறகு போலிகளை மட்டும் சேர்த்தாள். அவற்றுக்காக எவரும் படுக்கையில் கிடப்பவனை ஏமாற்றப் போவதில்லை.

"இப்ப அழுக்குலயும் டூப்ளிகேட்டா?" என்றார் கணவர். அவள் பல்குச்சியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சில மாதம் கழித்துத் தலைவர் மருத்துவமனைக்கு வந்தார், கன்னம் வீங்கி. அவளைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார், வலி விடவில்லை. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். கடைவாய்ப் பல்லைச் சுற்றிச் சீழ். முகமூடியைத் தாண்டி நாறியது. பல்லக்கா குழாயை எப்போதும்போலத்தான் பிடித்தாள். ஈறில் இடிக்கவில்லை, நேரம் கடத்தவில்லை. அவர் கண்ணோரம் நீர் வழிந்தபோது பஞ்சால் துடைத்தும் விட்டாள்.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார். தலைவர் மரத்துப்போன உதட்டால் குழறினார். "அக்கா, நடந்தத மனசுல வச்சுக்காதீங்க. எல்லாரும் உங்களக் கேக்குறாங்க. வர்ற ஞாயித்துக்கிழம..."

அவள் தண்ணீர்க் குவளையை அவர் கையில் வைத்தாள்.

"கொப்புளிச்சுத் துப்புங்க" என்றாள்.